கனடா விசா விண்ணப்பம்: நாமே போடுவதா, கன்சல்டன்ட்டிடம் கொடுப்பதா, வக்கீலிடம் போவதா?

கனடாவுக்கு விண்ணப்பம் போட யாரிடம் போவது என்று பேச்சு வந்தால் முதலில் வருவது ரேட்தான். "வக்கீல் மூவாயிரம் டாலர் கேக்கிறார், கன்சல்டன்ட் பாதிக்குப் பண்றேங்கிறார், ஊர்ல ஒரு ஏஜென்ட் அம்பதாயிரம் ரூபாய்க்கு முடிச்சே தர்றேங்கிறார்" என்று மூன்று விலையையும் வரிசையாக வைத்து, எது நல்லது என்று கேட்கிறார்கள். மூவரும் விற்பது ஒரே சரக்கு இல்லை. ஒவ்வொருவருக்கும் சட்டம் கொடுத்திருக்கும் அதிகாரம் வேறு. ஏஜென்ட் விஷயத்தில் பெரும்பாலும் அதிகாரமே கிடையாது. அதனால் ரேட்டுக்குப் போகும் முன் வேறு இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இந்த விண்ணப்பத்தை மறுத்துவிட்டால் அடுத்து எங்கே போகலாம்? அங்கே இவர் நம்மோடு வந்து நிற்க முடியுமா?

நான் இருப்பது டொராண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில். சொந்தக்காரர்கள், தெரிந்தவர்கள் படிவம் நிரப்பும்போது கூட உட்கார்ந்து பார்த்துக் கொடுப்பதுண்டு. அதற்குக் காசு வாங்குவதில்லை. காசு வாங்காமல் செய்யும் வரை அது சட்டப்படி சரி. வாங்கினால் குற்றம். கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டத்தின் 91-ஆவது பிரிவு இதைத்தான் சொல்கிறது: பணமோ வேறு பிரதிபலனோ பெற்றுக்கொண்டு குடிவரவு விஷயத்தில் ஆலோசனை சொல்லவும் பிரதிநிதியாக நிற்கவும் சிலருக்குத்தான் உரிமை. மாகாண வழக்கறிஞர் சங்கத்தின் உறுப்பினர்களான வக்கீல்கள், கியூபெக் நோட்டரிகள், ஒன்டாரியோவில் உரிமம் பெற்ற பாராலீகல்கள் (வக்கீல் அல்லாத, குறிப்பிட்ட சட்ட வேலைகளுக்கு மட்டும் உரிமம் உள்ளவர்கள்), குடிவரவு மற்றும் குடியுரிமை கன்சல்டன்ட்கள் கல்லூரியில் உரிமம் பெற்றவர்கள். பட்டியல் அவ்வளவுதான். கல்லூரி என்பது இங்கே பாடம் நடத்தும் இடம் அல்ல. உரிமம் கொடுத்து, தவறு செய்தால் விசாரித்து, உரிமத்தைப் பறிக்கும் ஒழுங்குமுறை அமைப்பு. 2021 நவம்பரில் பொறுப்பேற்றது. அதற்கு முன் இருந்த இரண்டு அமைப்புகளும் கன்சல்டன்ட்களைக் கட்டுப்படுத்தப் போதவில்லை என்றுதான் அரசு இதைத் தனிச் சட்டம் போட்டு உருவாக்கியது.

பெயரே இல்லாத ஏஜென்ட்

உரிமம் இல்லாத ஏஜென்ட் ஊரில் மட்டும் இருக்கிறார் என்று நினைக்க வேண்டாம். ஸ்கார்பரோவிலேயே மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி, வருமான வரி என்று போர்டு மாட்டிக்கொண்டு, உள்ளே போனால் "விசாவும் பண்ணித் தர்றோம்" என்கிற கடைகள் உண்டு. சென்னையிலும் திருச்சியிலும் யாழ்ப்பாணத்திலும் கல்வி ஆலோசனை என்ற பெயரில் நடக்கும்.

அவர் வேலை செய்யும் விதத்தைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். உரிமம் உள்ள பிரதிநிதி என்றால் ஐஎம்எம் 5476 என்ற படிவத்தில் அவர் பெயரும் உரிம எண்ணும் இருக்கும், நீங்களும் அவரும் கையெழுத்திடுவீர்கள். ஏஜென்ட் அந்தப் படிவத்தைத் தொடவே மாட்டார். உங்கள் பெயரில், ஆனால் தன்னுடைய மின்னஞ்சலைக் கொடுத்து, ஐஆர்சிசி எனப்படும் கனடா குடிவரவுத் துறையின் தளத்தில் ஒரு கணக்குத் திறப்பார். பாஸ்வேர்டு அவரிடம் இருக்கும். அரசின் கண்ணுக்கு அது நீங்களே போட்ட விண்ணப்பம். கடிதங்கள் அவருக்குத்தான் போகும். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது.

எங்கள் உறவில் கும்பகோணத்துக்காரர் ஒருவருக்கு இப்படித்தான் நடந்தது. பல வருடத்துக்கு முன் அவருக்கு அமெரிக்க விசா மறுக்கப்பட்டிருந்தது. கனடா விசிட்டர் விசா படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: கனடாவிலோ வேறு எந்த நாட்டிலோ உங்களுக்கு விசா மறுக்கப்பட்டதா, நுழைய அனுமதி மறுக்கப்பட்டதா, வெளியேறச் சொன்னார்களா? "தம்பி, அதெல்லாம் பழைய கதை, போட்டா ரிஜெக்ட் ஆயிடும்" என்று சொல்லி ஏஜென்ட் 'இல்லை' என்று குறித்துவிட்டார். கனடாவும் அமெரிக்காவும் இந்தத் தகவல்களைப் பகிர்ந்துகொள்கின்றன. சில வாரத்தில் விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது, ஏஜென்ட்டின் மின்னஞ்சலுக்கு. பதில் போகவே இல்லை. விளைவு, சட்டத்தின் 40-ஆவது பிரிவின்படி ஐந்து வருடத் தடை. அந்த ஐந்து வருடமும் நிரந்தர வதிவிடத்துக்குக்கூட விண்ணப்பிக்க முடியாது. பழைய மறுப்பை உள்ளபடி எழுதி, இப்போது நிலைமை எப்படி மாறியிருக்கிறது என்று ஒரு பக்கம் விளக்கம் வைத்திருந்தால் அது சாதாரண விண்ணப்பமாகவே போயிருக்கும். மறுத்திருந்தாலும் மறுநாளே வேறொன்று போட்டிருக்கலாம். "நான் எழுதலீங்க, ஏஜென்ட் எழுதினது" என்பது இங்கே அநேகமாக எடுபடாது. அவரைத் தேர்ந்தெடுத்தது நீங்கள், உண்மை என்று உறுதி கொடுத்ததும் நீங்கள் என்பதுதான் நிலைப்பாடு.

2023-இல் இந்திய மாணவர்கள், பெரும்பாலும் பஞ்சாபிலிருந்து வந்தவர்கள், நாடு கடத்தப்படும் நிலைக்கு வந்தது நினைவிருக்கலாம். ஜலந்தரில் இருந்த ஏஜென்ட் கொடுத்த கல்லூரி அனுமதிக் கடிதங்கள் போலி. படிப்பை முடித்து, வேலையும் பார்த்து, நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பித்தபோதுதான் பலருக்கு அது தெரிந்தது. அந்த வருடம் டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு அனுமதிக் கடிதத்தையும் கல்லூரியிடமே கேட்டுச் சரிபார்க்கும் முறை வந்தது. வேலை வாய்ப்புக் கடிதத்தைக் காசுக்கு விற்கும் வியாபாரமும் பெரிதாகி, கடைசியில் 2025 மார்ச் 25 முதல் எக்ஸ்பிரஸ் என்ட்ரியில், அதாவது புள்ளி போட்டு நிரந்தர வதிவிடத்துக்கு ஆள் எடுக்கும் முறையில், வேலை வாய்ப்புக்கான கூடுதல் புள்ளிகளையே எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் யாராவது "எல்எம்ஐஏ வாங்கித் தர்றேன், பாயிண்ட் ஏறும்" (எல்எம்ஐஏ என்பது வெளிநாட்டு ஆளை வேலைக்கு எடுக்க முதலாளி அரசிடம் வாங்கும் அனுமதி) என்றால் அவருக்குச் சட்டம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

ஆகவே ஒப்பீட்டில் இந்த வழியை நான் சேர்க்கவே மாட்டேன். மீதி இருப்பவற்றைப் பார்ப்போம்.

நாமே போடுவது

இதற்குப் பலர் பயப்படுகிறார்கள். அவ்வளவு பயம் தேவையில்லை. படிவங்கள் எல்லாம் இலவசம். பிரதிநிதி வைத்திருப்பவருக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது என்று அரசே சொல்கிறது. வரிசையும் ஒன்றுதான், அதிகாரியும் ஒருவர்தான்.

அம்மா அப்பாவுக்கு சூப்பர் விசா, அதாவது கனடாவில் இருக்கும் பிள்ளையோடு நீண்ட நாள் தங்கும் விசா, போடுவதை எடுத்துக்கொள்ளுங்கள். அரசுக் கட்டணம் ஆளுக்கு 100 டாலர், கைரேகைக்கு 85. பிள்ளையின் வருமானம் குடும்ப அளவுக்கு ஏற்ற வரம்பைத் தொட வேண்டும். குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். அழைப்புக் கடிதம், உறவைக் காட்டும் பிறப்புச் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை. 2022 ஜூலையிலிருந்து ஒரே தடவையில் ஐந்து வருடம் வரை தங்கலாம். என்னென்ன காகிதம் என்று தெளிவாகப் பட்டியல் இருக்கிறது, இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறார்கள். ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் இதற்கு ஆயிரம் டாலர் கொடுப்பது வீண் செலவு என்பது என் கருத்து.

நாமே போடும்போது கெடுவது பெரும்பாலும் விளக்கம் இல்லாத காகிதங்களால். விண்ணப்பத்துக்குப் பத்து நாள் முன்பு வங்கிக் கணக்கில் திடீரென்று பதினைந்து லட்சம் ஏறியிருக்கும். அது தஞ்சாவூர் நிலம் விற்ற பணமாகவே இருக்கலாம். பத்திரத்தின் நகலையும் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பையும் சேர்த்து இரண்டு வரி எழுதாவிட்டால், கடன் வாங்கிப் போட்டுக் காட்டுகிறார்கள் என்றுதான் அதிகாரி நினைப்பார். பெயர் விஷயமும் அப்படியே. பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து எழுதியிருக்கும், பள்ளிச் சான்றிதழில் ஒற்றை எழுத்தாக இருக்கும், திருமணச் சான்றிதழில் அப்பா பெயர் முன்னால் வந்திருக்கும். நமக்கு இது பழக்கம். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு மூன்று வேறு ஆட்கள். ஒரே ஆள்தான் என்று ஒரு உறுதிமொழிப் பத்திரம் வைத்தால் போதும்.

விசா விண்ணப்பங்களை வாங்கி அனுப்பும் விஎஃப்எஸ் என்ற தனியார் நிறுவனத்தின் மையத்தில் கேட்டுக்கொள்ளலாம் என்று சிலர் போகிறார்கள். அவர்கள் கைரேகை எடுப்பார்கள், பாஸ்போர்ட்டை வாங்கி அனுப்புவார்கள். ஆலோசனை சொல்வது அவர்கள் வேலையில்லை. கனடாவில் இருப்பவர்கள் தங்கள் தொகுதி எம்பி அலுவலகத்துக்குப் போகலாம். விண்ணப்பம் எந்த நிலையில் நிற்கிறது என்று இலவசமாக விசாரித்துச் சொல்வார்கள். பலருக்கு இது தெரிவதில்லை.

கன்சல்டன்ட்டும் வக்கீலும்

ஆர்சிஐசி எனப்படும் உரிமம் பெற்ற கன்சல்டன்ட், எக்ஸ்பிரஸ் என்ட்ரி, படிப்பு அனுமதி, வேலை அனுமதி, ஸ்பான்சர் போன்ற விண்ணப்பங்களைச் சட்டப்படி முழுமையாகக் கையாளலாம். நாள் முழுக்க இதே வேலையில் இருப்பதால் நல்ல கன்சல்டன்ட்டுக்குப் படிவத்தின் மூலை முடுக்கெல்லாம் தெரிந்திருக்கும். இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வருடத்தில் இரண்டு குடிவரவு கேஸ் பார்த்துவிட்டு மீதி நேரம் வீட்டுப் பத்திரம் முடிக்கும் வக்கீலைவிட, எக்ஸ்பிரஸ் என்ட்ரி மட்டுமே பார்க்கும் கன்சல்டன்ட் எவ்வளவோ மேல். பட்டம் பெரிது என்பதற்காக வக்கீலிடம் ஓட வேண்டியதில்லை.

ஆனால் கன்சல்டன்ட்டின் பாதை ஓரிடத்தில் முடிகிறது. அகதிக் கோரிக்கைகளையும் குடிவரவு மேல்முறையீடுகளையும் விசாரிக்கும் குடிவரவு மற்றும் அகதிகள் வாரியத்தின் முன் வாதாட, 2022 ஜூலை முதல், தனித் தகுதி பெற்ற கன்சல்டன்ட்களுக்கு மட்டுமே அனுமதி. ஒன்டாரியோ பாராலீகல் இதற்கு நேர் எதிர்: வாரியத்தின் முன் நிற்கலாம், ஆனால் சாதாரண விண்ணப்பம் தயாரிப்பது அவர் எல்லைக்குள் வராது. மறுப்பை எதிர்த்துக் கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தால் வக்கீலைத் தவிர வேறு யாரும் உங்களுக்காக நிற்க முடியாது. அந்த நீதிமன்றத்தின் கெடு மிகக் குறுகியது. கனடாவுக்குள் எடுத்த முடிவு என்றால் 15 நாள், வெளியே எடுத்த முடிவு என்றால் 60 நாள். மறுப்புக் கடிதம் வந்தபிறகு புது வக்கீலைத் தேடி, கோப்பை வாங்கி, அவர் படித்து முடிப்பதற்குள் பதினைந்து நாள் ஓடிவிடும்.

இதில் இன்னொரு விஷயம் பலருக்குப் பிடிபடுவதில்லை. கூட்டாட்சி நீதிமன்றம் உங்கள் கேஸைப் புதிதாக விசாரிக்காது. அதிகாரியின் மேசையில் அன்றைக்கு என்ன இருந்ததோ, அதை வைத்து அவர் எடுத்த முடிவு நியாயமானதா என்று மட்டும் பார்க்கும். அப்போது வைக்க மறந்த நிலப் பத்திரத்தை இப்போது நீட்ட முடியாது. ஜெயித்தாலும் விசா கையில் வராது, வேறு அதிகாரியிடம் கோப்பு திரும்பப் போகும், அவ்வளவுதான். அதனால் சாதாரண விசிட்டர் விசா மறுப்புக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்து நீதிமன்றம் போவதைவிட, அதிகாரி என்ன எழுதினார் என்று பார்த்து, அதற்குப் பதில் வைத்து மறுபடி விண்ணப்பிப்பது பெரும்பாலும் புத்திசாலித்தனம். மறுப்புக் கடிதத்தில் வழக்கமான இரண்டு வரிதான் இருக்கும்: தங்கும் காலம் முடிந்து நாடு திரும்புவீர்கள் என்று நம்பிக்கை வரவில்லை, குடும்பத் தொடர்புகள், பயண நோக்கம். உண்மையான காரணம் அதிகாரியின் குறிப்பில் இருக்கும். 2025 ஜூலைக் கடைசியிலிருந்து சில வகை மறுப்புகளோடு அந்தக் குறிப்பையும் சேர்த்தே அனுப்புகிறார்கள். வராவிட்டால், கனடாவில் இருக்கும் ஒருவர் மூலம் தகவல் கோரிக்கை போட்டு வாங்கலாம், கட்டணம் 5 டாலர். அதைப் படிக்காமல் அதே காகிதங்களை மறுபடி அனுப்புவதால் இன்னொரு மறுப்புதான் சேரும்.

ஸ்பான்சர் கேஸில் ஒரு முடிச்சு

கணவன் அல்லது மனைவியை ஸ்பான்சர் செய்வது சுலபமான வேலை, படிவம் நிரப்பினால் போதும் என்று தோன்றும். பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் ஆரம்பத்திலேயே ஒரு தேர்வு வருகிறது, அதில்தான் சட்டம் ஒளிந்திருக்கிறது.

மனைவி மாணவியாகவோ விசிட்டராகவோ ஏற்கெனவே கனடாவில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வகையில் விண்ணப்பிக்கலாம். ஒன்று கனடாவுக்குள் இருக்கும் துணைவர் என்ற வகை. மற்றொன்று குடும்ப வகை, வெளியிலிருந்து வருபவரைப் போல. இங்கேயே சேர்ந்து இருப்பவர்கள் முதல் வகையில் போடுவதுதான் இயல்பு என்று நினைத்துப் போட்டுவிடுகிறார்கள். மறுப்பு வந்தால்தான் வித்தியாசம் தெரியும். குடும்ப வகையில் மறுத்தால், ஸ்பான்சர் செய்தவர் 30 நாளுக்குள் அந்த வாரியத்தின் குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே புதிய ஆதாரம் வைக்கலாம், இருவரும் நேரில் சாட்சி சொல்லலாம், திருமணம் உண்மையானது என்று முதலிலிருந்து நிரூபிக்கலாம். உள்நாட்டு வகையில் மறுத்தால் அந்த மேல்முறையீடு கிடையாது. பதினைந்து நாள் கெடுவோடு கூட்டாட்சி நீதிமன்றம்தான். இடையில் அப்பா உடம்புக்கு முடியவில்லை என்று ஊருக்குப் போய்த் திரும்பி வர முடியாமல் போனாலும் உள்நாட்டு விண்ணப்பம் சிக்கலாகிவிடும்.

நம்மவர்களுக்கு இது முக்கியம். ஏனென்றால் நம் திருமணங்களை அதிகாரிகள் சந்தேகிக்கும் இடங்கள் தெரிந்தவையே. பெண்ணும் பையனும் கல்யாணத்துக்கு முன் நேரில் சந்தித்தது ஒரே தடவை. வயது வித்தியாசம். மறுமணம். கோயிலில் எளிமையாகத் தாலி கட்டி, ரிசப்ஷன் இல்லாமல் முடித்தது. ஜாதகம் பார்த்து, பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணத்தில் இது எதுவுமே வினோதம் இல்லை. ஆனால் அதை அதிகாரிக்குச் சொல்லியாக வேண்டும். யார் மூலம் வரன் வந்தது, நிச்சயதார்த்தம் எங்கே நடந்தது, ரிசப்ஷன் ஏன் இல்லை என்று எழுதி வைக்க வேண்டும். இப்படி ஏதாவது ஒரு சந்தேகப் புள்ளி உங்கள் கேஸில் இருந்தால், எந்த வகையில் போடுவது என்பதை ஒரு குடிவரவு வக்கீலிடம் கேட்காமல் முடிவு செய்யாதீர்கள். எந்தப் புள்ளியும் இல்லை என்றால் நீங்களே போடுங்கள்.

அகதிக் கோரிக்கை

இது தனி. ஈழத்திலிருந்து வந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1986-இல் நியூஃபவுண்ட்லாந்துக் கரையருகே உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 பேர் முதல், 2010-இல் எம்வி சன் சீ கப்பலில் வந்த 492 பேர் வரை அந்த வரலாறு நீள்கிறது. அகதிக் கோரிக்கை வைத்தவரை நேரில் கேட்க வேண்டும் என்ற உரிமையே 1985-இல் உச்ச நீதிமன்றம் சிங் வழக்கில் கொடுத்த தீர்ப்பால் வந்தது. அந்த நேர் விசாரணையில்தான் கேஸ் நிற்பதும் விழுவதும். முதலில் எழுதிக் கொடுத்த கதைக்கும் விசாரணையில் சொல்வதற்கும் ஒரு தேதி மாறினால்கூட நம்பகத்தன்மை போச்சு என்று எழுதுவார்கள். மொழிபெயர்ப்பாளர் ஒருவரே உட்கார்ந்து கதையை எழுதித் தரும் பழக்கம் பலரைக் கவிழ்த்திருக்கிறது.

இதற்குக் கண்டிப்பாக வக்கீல் வேண்டும், அதுவும் அகதி வழக்குகளையே நடத்துகிறவர். காசு இல்லையே என்று யோசிக்க வேண்டாம். வருமானம் குறைவாக இருந்தால் லீகல் எய்ட் ஒன்டாரியோ சான்றிதழ் கொடுக்கும், அதை ஏற்றுக்கொள்ளும் வக்கீலை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். டொராண்டோவில் தெற்காசிய சட்ட மையம் குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கு இலவசமாக உதவுகிறது. மனிதாபிமான அடிப்படையில் தங்க அனுமதி கேட்பவர்களும், நாடு கடத்தல் உத்தரவு பெற்றவர்களும், கனடாவிலோ வெளியிலோ குற்ற வழக்கு உள்ளவர்களும் இதே பட்டியல்தான். அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

படித்துப் பார்க்க மட்டும் காசு கொடுப்பது

நாமே போடுவதற்கும் முழுக் கேஸையும் ஒப்படைப்பதற்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நம்மவர்கள் இதை அதிகம் பயன்படுத்துவதில்லை. படிவங்களையும் ஆவணங்களையும் நீங்களே தயார் செய்யுங்கள். அனுப்பும் முன் ஒரு குடிவரவு வக்கீலிடம் ஒரு மணி நேர ஆலோசனைக்குப் பணம் கட்டி, முழுவதையும் படிக்கச் சொல்லுங்கள். சில நூறு டாலர் ஆகும். "இதை மறுக்க நினைக்கும் அதிகாரி எதைப் பிடிப்பார்?" என்று கேளுங்கள். உள்ளபடியே இந்த ஒரு கேள்விக்குத்தான் அந்தப் பணம். பழைய மறுப்பு, வேலையில் இடைவெளி, அனுமதி முடிந்து தங்கிய நாட்கள், வேறு நாட்டில் போட்ட அகதிக் கோரிக்கை என்று எதையும் மறைக்காமல் சொல்லுங்கள். வக்கீலிடம் சொல்வதற்கு ரகசியப் பாதுகாப்பு உண்டு. அவர் பயப்பட ஒன்றுமில்லை என்றால் வீட்டுக்கு வந்து நீங்களே அனுப்பலாம். ஏதாவது பிடிபட்டால் முழுக் கேஸையும் கொடுப்பதா என்று அப்போது யோசிக்கலாம். மறுத்தபிறகு செலவழிக்கும் மூவாயிரத்தைவிட, அனுப்பும் முன் செலவழிக்கும் முந்நூறுக்கு மதிப்பு அதிகம். நீதிமன்றம் பழைய கோப்பைத்தான் பார்க்கும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஒன்டாரியோ வழக்கறிஞர் சங்கத்தின் பரிந்துரைச் சேவையில் கேட்டால், அரை மணி நேரம் வரை இலவசமாகப் பேச ஒரு வக்கீலைக் காட்டுவார்கள். ஆவணம் படிக்க அது போதாது, ஆனால் உங்கள் கேஸ் எந்த ரகம் என்று தெரிந்துகொள்ளப் போதும்.

கையெழுத்துப் போடும் முன்

யாரிடம் போனாலும் பெயரைக் கேட்டு, வெளியே வந்து நீங்களே தேடிப் பாருங்கள். கன்சல்டன்ட் என்றால் ஆர் எழுத்தோடு ஆறு இலக்க எண் இருக்கும். கல்லூரியின் பொதுப் பதிவேட்டில் போட்டால் உரிமம் நடப்பில் உள்ளதா, இடைநிறுத்தியிருக்கிறார்களா என்று வரும். வக்கீலுக்கு அந்தந்த மாகாணச் சங்கத்தின் பட்டியல். சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். இன்னொருவர் உரிமத்தின் கீழ் வேலை செய்கிறேன் என்று சொல்பவரிடம், அந்த உரிமதாரரோடு ஒரு தடவை வீடியோவில் பேச வேண்டும் என்று கேளுங்கள். மறுத்தால் எழுந்து வந்துவிடலாம்.

எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். என்ன வேலை, எவ்வளவு கட்டணம், மறுத்தால் மறு விண்ணப்பம் அதில் அடங்குமா, பணம் எப்போது திரும்பும் என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். அரசுக் கட்டணம் தனி வரியில் வர வேண்டும். 100 டாலர் விசாவுக்கு "அரசுக் கட்டணம் 400" என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். விசா நிச்சயம் என்று வாக்குக் கொடுப்பவரிடம் போகவே வேண்டாம், முடிவெடுப்பவர் அதிகாரி. அனுப்பிய விண்ணப்பத்தின் முழு நகலும் அதே நாளில் உங்கள் மின்னஞ்சலுக்கு வர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வந்ததும் உட்கார்ந்து ஒவ்வொரு 'ஆம்', 'இல்லை'யையும் சரிபாருங்கள். தவறு கண்டால் முடிவு வரும் முன்னரே ஐஆர்சிசியின் இணையப் படிவம் மூலம் திருத்தம் அனுப்பலாம்.

ஏற்கெனவே ஒருவரிடம் மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கும் வழி உண்டு. பிரதிநிதியை நீக்க அதே ஐஎம்எம் 5476 படிவத்தில் ஒரு பகுதி இருக்கிறது. அவருடைய சம்மதம் தேவையில்லை. ஏஜென்ட் தன் மின்னஞ்சலில் கணக்குத் திறந்திருந்தால், இணையப் படிவம் வழியாக உங்கள் சொந்த மின்னஞ்சலைத் தொடர்பு முகவரியாக மாற்றச் சொல்லிக் கேளுங்கள், பாஸ்போர்ட் நகலோடு. அதை இந்த வாரமே செய்யுங்கள், விளக்கம் கேட்டு வரும் அடுத்த கடிதம் உங்கள் கைக்கே வந்து சேரட்டும்.